கரும்புக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டை: ஆறு வருட அனுபவம்

விழுப்புரம் பக்கம் ரெண்டு ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறேன். இடைக்கணுப் புழுவுக்காக டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற குட்டிக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை கட்ட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. கட்டலாமா என்று கேட்டால், தாராளமாகக் கட்டலாம். ஆனால் அட்டை புதிதாக இருக்க வேண்டும், என் அனுபவத்தில் பாதி வேலை அதுதான்.

இந்தப் புழு கணுவைத் துளைத்து உள்ளே போய்விட்டால் மருந்து அதை எட்டாது. கணு குட்டையாகி, ஓட்டை வாயில் எச்சம் தள்ளி நிற்பதைப் பார்த்த பிறகு அடித்து என்ன பயன்? முட்டையிலேயே பிடிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி, அந்துப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும்.

ஏக்கருக்கு ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டை, நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 6 முறை. துண்டு துண்டாக வெட்டி, சாயங்காலம் தோகையின் அடிப்பக்கத்தில் பின் அடிக்கிறேன்.

ரெண்டாம் வருடம்தான் பட்டேன். பார்சல் ரெண்டு நாள் தாமதமாக வந்தது, பார்க்காமல் கட்டிவிட்டேன். அப்புறம் மீந்த துண்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால், கறுத்த முட்டை ஒவ்வொன்றிலும் ஊசி குத்தினாற்போல் ஓட்டை. கவர் மூலையில் மிளகுத்தூள் சிந்தினாற்போல் செத்த குளவிகள். எல்லாம் வழியிலேயே பொரிந்துவிட்டன. விற்றவரிடம் கேட்டதற்கு, "அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்று முடித்துக்கொண்டார். அந்த வருடம் வெட்டும்போது துளை இல்லாத கழியைத் தேட வேண்டியிருந்தது, மனசே ஆறவில்லை. இப்போது நேரில் போய், லென்ஸில் பார்த்து, ஓட்டை விழாத அட்டையாக வாங்கி வருகிறேன்.

எறும்பு இன்னொரு தொல்லை. ரெண்டு நாள் முன்னதாகக் கட்டினால் முட்டையைச் சுரண்டித் தின்றுவிடும். பொரிக்கப்போகும் தறுவாயில் கட்டினால் அதற்கு அவகாசம் கிடைக்காது. மருந்து பட்டால் குளவி செத்துவிடும் என்பதால், பக்கத்துக் கொல்லை மாமாவிடமும் முன்னமே சொல்லிவிடுவேன்: "மாமா, நாளைக்கு அட்டை கட்டறேன், மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்க." ஒருநாளும் மறுத்ததில்லை.

முன்பு பத்துக் கழிக்கு மூணு நாலில் துளை இருக்கும், போன வெட்டில் ஒன்றில் துளை இருப்பதே அபூர்வம். ஐந்தாம், ஏழாம் மாதத்தில் சோகை (காய்ந்த தோகை) உரிப்பதையும் விடுவதில்லை, அதனால் முழுப் பெருமையும் குளவிக்கு மட்டும் கிடையாது. ஆறு முறை அட்டைச் செலவும் ஒருமுறை மருந்தடிக்கும் கூலிக்குள் அடங்குகிறது.

இளங்குருத்துப் புழுவுக்கு மட்டும் இதை நம்பி இருக்காதீர்கள். அதற்கு நட்ட மூணாம் நாளே பாரில் (மண்மேட்டில்) சோகை பரப்புவதுதான் எனக்குக் கைகொடுத்தது.