பழைய புல்லட், பழைய ஜாவா: எதில் அசலைக் கண்டுபிடிப்பது எளிது?

பழைய பைக்கில் எது அசல் பாகம், எது பிற்பாடு மாட்டியது என்று பிரித்துப் பார்க்க, புல்லட்டைவிட ஜாவாதான் எளிது என்பேன். இத்தனைக்கும் உதிரி பாகம் தாராளமாகக் கிடைப்பது புல்லட்டுக்குத்தான். சிக்கலே அங்கேதான்.

1955-இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியாவின் புல்லட் 350, பல பத்தாண்டுகள் அடிப்படை வடிவம் மாறாமல் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. 1990-களின் பாகங்களில் பல, 1960-களின் வண்டியிலும் சின்ன வேலையோடு உட்கார்ந்துவிடும். சென்னை புதுப்பேட்டையின் உதிரி பாகக் கடைகள் பக்கம் சுற்றினால் முக்கால்வாசி வண்டியையே சேர்த்துவிடலாம். அதனால் ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று விற்பவர் மனசார நம்பிச் சொன்னாலும், அவருக்கு முந்தைய கைகளில் என்னென்ன மாறியதோ! பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை முதலில் பாருங்கள். ‘அமல்’ (Amal) கம்பெனி கார்புரேட்டர் இருந்திருக்க வேண்டிய பழைய வண்டியில் பெரும்பாலும் ‘மிக்கார்ப்’ (Mikcarb) கார்புரேட்டர் இருக்கும். ஓட்ட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அசல் இல்லை.

ஜாவாவில் காலமே துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது. மைசூரின் ஐடியல் ஜாவா 1961-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1973-இலிருந்து யெஸ்டி என்ற பெயர் வந்தது; 1996-இல் ஆலையை மூடினார்கள். ஆரம்பகால வண்டியில் செக் நாட்டு ‘பால்’ (PAL) கம்பெனி முத்திரையுள்ள மின் பாகங்களும் ‘ஜிகோவ்’ (Jikov) கார்புரேட்டரும் அப்படியே இருந்தால், பெயின்ட் உரிந்திருந்தாலும் விடாதீர்கள். டேங்கில் ஜாவா, என்ஜின் கவரில் யெஸ்டி என்று இருந்தால் கலப்பு அங்கேயே தெரிந்துவிடும். பெயர் பொருந்திவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. கவரை மாற்ற எத்தனை நேரம் ஆகும்?

எண் சோதனை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஹேண்டில்பார் கழுத்தில் சேசிஸ் (வண்டிச் சட்டகம்) எண், கிராங்க்கேஸில் (என்ஜினின் கீழ்ப்பகுதி உறை) என்ஜின் எண். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணைச் சுற்றி அரம் ஓடிய கோடுகளோ, பட்டி அடைத்த வழவழப்போ இருந்தால் வெளிச்சத்தில் தெரியும். அப்புறம் மெல்லிய தாளை வைத்து பென்சில் பிரிண்ட் எடுங்கள். கண்ணுக்குச் சரியாகப் படும் எண்ணில்கூட, ஒரு இலக்கம் மட்டும் ஆழம் மாறியிருந்தால் தாளில் பிடிபடும். அந்தத் தாளை ஆர்.சி. புக்கோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள்.

என்ஜின் மாறியிருந்து, அது ஆர்.சி.யிலும் முறையாக ஏறியிருந்தால், தினசரி ஓட்ட அந்த வண்டி போதும். சேகரிப்புக்கு வாங்குவதானால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜாகப் பதிவு செய்யலாம்; ஆனால் அது அசல் நிலையில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ் எண்ணில் யாரோ கை வைத்திருந்தால், புல்லட்டோ ஜாவாவோ, விலையே பேசாமல் திரும்பிவிடுங்கள்.