ஜிம்மா, ஏரிக்கரை நடையா?

ஆறு மாதம் ஜிம்முக்குப் போனேன். அதை விட்டு ஒன்றரை வருஷமாகக் கண்டோஜி ஏரிக்கரையில் நடக்கிறேன். ரங்கூனில் நம் ஆட்கள் பலரும் எடை குறைக்க இரண்டில் எது நல்லது என்று கேட்கிறார்கள். நான் நடையின் பக்கம்தான்.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அங்கே மாதாமாதம் பணம், இங்கே ஒரு ஜோடி நல்ல ஷூ.

ஒரு மார்ச் மாதச் சாயங்காலம் ஜிம்மில் கரண்ட் போய்விட்டது. டிரெட்மில்லும் ஃபேனும் நின்றுபோக, சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்த்தது. "கொழுப்பு கரையுதுண்ணே" என்றார் பயிற்சி கொடுக்கும் தம்பி. தராசும் இரண்டு பவுண்டு குறைத்துக் காட்டியது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து, சாப்பிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பழைய எடை. உடம்பு தன்னைக் குளிர்விக்க வெளியே விடும் தண்ணீர்தான் வியர்வை. கொழுப்புக்கு அது கணக்காகாது. வயிற்றுப் பயிற்சி செய்தால் தொப்பை மட்டும் கரையும் என்பதும் அப்படித்தான். அங்குள்ள தசை உறுதியாகும், அவ்வளவே. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பது நம் கையில் இல்லை.

நடப்பவர்களிடமும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு: நடந்தாச்சு, இனி எதையும் சாப்பிடலாம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி. டீக்கடை டீயில் விழும் இரண்டு பெரிய கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கிலேயே 120 கலோரி இருக்கிறது. அதில் ஈச்சாகுவே என்ற, எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சி ஒன்றைத் தோய்த்துச் சாப்பிட்டால் நடந்தது சரியாய்ப் போயிற்று. ஒரு கிலோ கொழுப்போ சுமார் 7,700 கலோரி. முதல் மூன்று மாதம் எனக்கு ஒரு பவுண்டுகூட இறங்காததற்கு இதுதான் காரணம். பிறகு பால் டீயை விட்டு, டீக்கடை மேசையில் காசில்லாமல் வைத்திருக்கும் வெறும் டீக்கு மாறினேன். கறியில் மிதக்கும் எண்ணெயை ஒதுக்கினேன், சோற்றையும் குறைத்தேன். அதன் பிறகுதான் எடை இறங்கியது.

அப்படியானால் நடை எதற்கு? குறைந்த எடை திரும்பி வராமல் இருப்பதற்கு. என் முடிவுக்குக் காரணமே இதுதான். பட்டினி கிடந்து பத்து பவுண்டு இறக்கிவிட்டு, அடுத்த தீபாவளிக்குள் பன்னிரண்டு ஏற்றிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இறக்கிய எடையைக் காக்க, வருஷக்கணக்கில் விடாமல் செய்யக்கூடிய ஒன்று வேண்டும். வேலை முடிந்து களைத்துப்போய், போக்குவரத்து நெரிசலில் ஜிம்முக்குப் போவது எனக்கு வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கியது. காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் கரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஷ்வேடகோன் பகோடா தண்ணீரில் மஞ்சளாகத் தெரியும் நேரம். தாம்வேயிலிருந்து வரும் மாமா ஒருவர் எனக்காகக் காத்து நிற்பார், அவருக்காகவே எழுந்துவிடுவேன்.

தசை பலத்தில் ஜிம்தான் மேல், மறுக்க மாட்டேன். வாரம் 150 நிமிஷ மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று அதை வீட்டிலேயே செய்கிறேன். பளு தூக்கிய அனுபவம் எனக்கு ஆறு மாதம்தான், அதில் பழகியவர்கள் சொன்னால் அதையும் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

நடைக்கு எதிரி மழை. ஜூன் தொடங்கினால் பல நாள் ஏரிப் பக்கம் போக முடியாது. அப்போதெல்லாம் எங்கள் கட்டடத்தின் ஆறு மாடிப் படிகளையும் ஐந்து தடவை ஏறி இறங்குகிறேன். லிஃப்ட் இல்லாத வீடு என்று முன்பெல்லாம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.