பிடிஎஸ்டி கோச் செயலி: எந்த மனக்காயத்துக்குக் கைகொடுக்கும்?

பிடிஎஸ்டி என்பது விபத்து, தாக்குதல் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு. அதற்காக அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2011-ல் வெளியிட்ட இலவசச் செயலி இது. கணக்குத் தொடங்க வேண்டாம்.

இதில் முக்கியமானது, பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 வினாப்பட்டியல். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் அதிகபட்சம் 80. 31-33-ஐ எட்டினாலோ தாண்டினாலோ மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எண் மட்டுமே நோயை உறுதி செய்யாது. கேள்விகள் எல்லாம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. அதனால் தினமும் போட்டுப் பார்த்துப் பதறுவது வீண். விபத்து நடந்து இரண்டு வாரமே ஆனவருக்கும் எண் எகிறும். அது உடனடி அதிர்ச்சியின் விளைவாக இருக்கலாம், பலருக்குத் தானாகவே தணியும்.

அறிகுறிகளைச் சமாளிக்கும் பகுதி அருமை. தூக்கமின்மை, பழைய நினைவு கிளறப்படுதல் என ஒன்றைத் தொட்டால், பதற்றத்தை 0-10 அளவுகோலில் குறிக்கச் சொல்லும். பிறகு மூச்சுப்பயிற்சியோ, சுற்றியுள்ளவற்றில் கவனத்தை நிறுத்தும் பயிற்சியோ தரும். முடிந்ததும் மறுபடி குறிக்கலாம். பதற்றம் உச்சிக்கு ஏறியபின் முதன்முறையாகத் திறந்தால் எதுவும் மண்டையில் ஏறாது. நிதானமாக இருக்கும்போதே பழகி வையுங்கள்.

விபத்து, தாக்குதல், போர்க்களம் போன்றவற்றுக்குச் சரி. சிறுவயதிலிருந்து வருடக்கணக்கில் அடியும் வசவும் வாங்கியவருக்கு? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 தனியாகப் பிரித்துள்ள சிக்கலான பிடிஎஸ்டி வகையாக அது இருக்கலாம்: கட்டுக்கடங்காத உணர்ச்சி, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், யாரிடமும் ஒட்டமுடியாமை. இவற்றைத் தனித்து அளக்க பிசிஎல்-5 உருவாக்கப்படவில்லை. எண் குறைவாக வந்தால் 'நமக்கு ஒன்றுமில்லை' என்று இருந்துவிட வேண்டாம்.

தமிழில் கிடையாது. உதவி எண்களும் அமெரிக்காவுக்கானவை. இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐச் சேமித்துக்கொள்ளலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.