விர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழில்: சொந்தப் பெயரா, ஓ.பி.சி.யா, எல்.எல்.பி.யா?

வெளிநாட்டு வாடிக்கையாளரின் மெயில், காலண்டர், பில்களை இந்தியாவிலிருந்து கவனிப்பவர், சொந்தப் பெயரில் தொடங்க பான், நடப்புக் கணக்கு, உத்யம் எனும் சிறுதொழில் பதிவு போதும். உத்யமுக்குக் கட்டணமில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியும் வராது. சிக்கல் வழக்கில்தான். வாடிக்கையாளர் நஷ்டஈடு கேட்டால் உங்கள் சேமிப்பு, வீடுவரை கைவைக்கலாம்.

அதைத் தடுக்கவே ஓ.பி.சி. எனும் ஒரு நபர் கம்பெனி. டிஜிட்டல் கையொப்பம், நாமினியின் சம்மதம், ஸ்பைஸ் பிளஸ் எனும் கம்பெனிப் பதிவுப் படிவம் ஆகியவை தேவை. பதிவு முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துப் பலர் மாட்டுவது இங்கேதான். 30 நாளில் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். மூலதனத்தை வங்கியில் போட்டு 180 நாளுக்குள் ஐ.என்.சி.-20ஏ எனும் தொழில் தொடக்க அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் வரவில்லையென்றாலும் தணிக்கை கட்டாயம். ஆண்டறிக்கைப் படிவம் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம்; உச்சவரம்பு கிடையாது.

வரியும் கவனிக்க வேண்டியது. 22% சலுகை விகிதத்தைத் தேர்ந்தாலும் சர்சார்ஜ், செஸ் எனும் கூடுதல் வரிகள் சேர்ந்து 25.17% ஆகும், முதல் ரூபாய் லாபத்திலிருந்தே. இயக்குநர் சம்பளமாக எடுத்தால் லாபம் குறையும். டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் மறுபடி வரி. இன்னொன்று: பழைய ஒப்பந்தமும் இன்வாய்ஸும் உங்கள் பெயரிலேயே தொடர்ந்தால் அந்த வேலைக்குக் கம்பெனி கவசமாகாது. வாடிக்கையாளரிடம் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கவனக்குறைவால் பாஸ்வேர்டு கசிந்தால் கம்பெனி இருந்தும் உங்கள்மீது நேரடியாக வழக்கு வரக்கூடும். எந்த வடிவமானாலும் "பொறுப்பு கடைசி மூன்று மாதக் கட்டணம்வரை மட்டுமே" என்பதுபோல ஒரு ஷரத்தைச் சேர்ப்பது நல்லது.

எல்.எல்.பி. எனும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மைக்கு இரண்டு பேர் வேண்டும். பெயருக்கு ஒரு உறவினரைச் சேர்ப்பது பின்னால் தலைவலி. உண்மையிலேயே இருவர் உழைத்தால் மட்டும் யோசியுங்கள். விற்றுமுதல் 40 லட்சம், மூலதனம் 25 லட்சம் தாண்டாதவரை தணிக்கை வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். லாபத்துக்கு செஸ்ஸுடன் 31.2% வரி, பங்குதாரருக்குப் பிரியும் லாபத்துக்கு மறுபடி வரியில்லை. பங்குதாரர் ஒப்பந்தத்துக்கான படிவம் 3-ஐ 30 நாளில், ஆண்டறிக்கையான படிவம் 11-ஐ மே 30, கணக்கு அறிக்கையான படிவம் 8-ஐ அக்டோபர் 30-க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் மூன்றும் ஒன்றே. விற்றுமுதல் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு, வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை ஏற்றுமதிக்கு எல்.யு.டி. எனும் உறுதிமொழிக் கடிதம் போட்டால் வரி கட்டாமல் பில் போடலாம்.

'அமெரிக்காவில் எல்.எல்.சி. தொடங்கு' என்று அந்நாட்டு நிறுவன வடிவம் ஒன்றை விற்கும் விளம்பரங்களுக்கு மயங்க வேண்டாம். இந்தியாவில் குடியிருப்பவருக்கு அந்த வருமானமும் இங்கே வரிக்குட்பட்டது. அங்கே வெளிநாட்டு உரிமையாளர் உள்ள நிறுவனம் தர வேண்டிய படிவம் 5472-ஐத் தாக்கல் செய்யத் தவறினால் அபராதம் 25,000 டாலர்.