அறுபது வயது ஹூவர் ஜூனியர்: வாங்கலாமா?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கார்பெட் இருந்து, ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்து, சத்தத்தையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் 1960-களில் வந்த ஹூவர் ஜூனியர் வேக்குவம் கிளீனரைத் தயங்காமல் வாங்கலாம். டைல்ஸ் தரைக்கும் மரத்தரைக்கும் வேண்டாம். கூடத்தில் அழகுக்கு வைக்கத்தான் என்றாலும் வேண்டாம்; அதற்கு அதே கம்பெனியின் கான்ஸ்டலேஷன் இருக்கிறது. உருண்டையாக, சக்கரமே இல்லாமல், தான் வெளியே தள்ளும் காற்றின் மேலேயே மிதந்து வரும் மெஷின். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். நான் வாராவாரம் வேலைக்கு எடுப்பது ஜூனியரை.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். மாமா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையெல்லாம் அங்கேதான் கழிந்தது. இப்போது லண்டனின் மேற்குப் பக்கம், ஆல்பர்ட்டனில் இருக்கிறேன். பக்கத்திலேயே பெரிவேல், ஏ40 சாலை ஓரமாகப் பழைய ஹூவர் தொழிற்சாலையின் வெள்ளை முகப்பு. 1933-ல் திறந்தது, 1982-ல் மூடியது. 1992 முதல் அதன் பின்புறம் டெஸ்கோ கடை. முன்கட்டடத்தை இப்போது அடுக்குமாடி வீடுகளாக மாற்றிவிட்டார்கள். பழைய ஜூனியரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் உள்ள தகட்டில் ‘பெரிவேல், கிரீன்ஃபோர்ட், மிடில்செக்ஸ்’ என்று அச்சடித்திருக்கும். நாம் கொத்தமல்லி வாங்கும் இடத்தின் முகவரி அது. எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் கார் பூட் சந்தைதான் முதல் இடம்; அவரவர் காரில் கொண்டுவந்து பழைய சாமான் விற்கும் சந்தை அது. யாராவது பாட்டியின் வீட்டைக் காலி செய்து, எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் தர்மக் கடைகள் பலவற்றில் மின்சாரச் சாமான்களை வாங்குவதே இல்லை. சோதித்து விற்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு வந்துவிடும். இணையத்தில் கிடைக்கிறது, ஆனால் ‘அபூர்வம்’ என்று எழுதிவிட்டு நூறு பவுண்ட் கேட்பார்கள். ஜூனியர் அபூர்வமே இல்லை. இந்த நாட்டில் பாதி வீடுகளில் நின்ற மெஷின் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. பதினைந்து பவுண்ட் நியாயமான விலை, இருபத்தைந்துக்கு மேல் நான் பர்ஸைத் திறக்க மாட்டேன்.

சந்தையில் பிளக் பாயிண்ட் இருக்காது. ‘நல்லா ஓடும்’ என்ற விற்பவரின் வாக்குமூலத்துக்கு மதிப்பும் கிடையாது. கையாலும் மூக்காலும்தான் பார்க்க வேண்டும். அடியில் உள்ள தட்டைக் கழற்றி, பெல்ட் மாட்டும் தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் பேரிங்கில் உயிர் இருக்கிறது. கரகரத்தாலும் பரவாயில்லை, மாற்றலாம். அசையவே இல்லை என்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். பிறகு மோட்டார் மூடியின் காற்றுத் துவாரத்தில் மூக்கை வையுங்கள். தூசி நாற்றம், நாய் முடி நாற்றம், சிகரெட் நாற்றம் எல்லாம் போய்விடும். கருகின வார்னிஷ் நாற்றம் போகாது. மாமா சொல்வார்: “காயில் கருகின வாசம் வந்துச்சுன்னா, சும்மா குடுத்தாலும் கீழ வெச்சுட்டு வந்துரு கண்ணு.” ஒரு ஜூனியருக்காக ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் காயிலை, திரும்பச் சுற்றுவது கட்டுப்படியாகாது, உதிரிக்காக இன்னொரு ஜூனியர் வாங்குவது மலிவு.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஓட்டிப் பார்க்கக் கை பரபரக்கும். தயவுசெய்து பிளக்கில் செருகாதீர்கள். பழைய வயரின் மேலுறை ரப்பர். மடக்கினால் ரஸ்க் மாதிரி உதிரும். உள்ளே சிவப்பும் கறுப்புமாகக் கம்பிகள் இருந்தால் 1970 வாக்கில் நிறம் மாறுவதற்கு முந்தைய வயர் என்று பொருள். பல பழைய மெஷின்களுக்கு உடல் உலோகம், வயரில் கம்பி இரண்டே இரண்டு, எர்த் கிடையாது. உள்ளே ஒரு கம்பி உறை விட்டுப் போய் உடலைத் தொட்டால் கைப்பிடி வரை கரண்ட் வந்துவிடும். அதனால் முதலில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் என்ற மீட்டரை வைத்து, 500 வோல்ட்டில், காயிலுக்கும் உடலுக்கும் நடுவே இன்சுலேஷன் பார்ப்பேன். குறைவாகக் காட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். வருடக்கணக்காகக் குளிர்ந்த கராஜில் கிடந்த மெஷின் ஈரம் குடித்திருக்கும். பாய்லர் இருக்கும் அலமாரியில் சில நாள் வைத்தால் அளவு தானாக ஏறும். ஏறவில்லை என்றால் அதை ஓட்டவே கூடாது. மெக்கர் பிடிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது கெப்பாசிட்டர். மோட்டாரின் தீப்பொறியால் ரேடியோவிலும் டிவியிலும் கரகரப்பு வராமல் இருக்க வைத்தது. பழையது உள்ளுக்குள் ஈரம் இழுத்து வெடித்துப் புகையும், அதன் நாற்றம் திரைச்சீலையில் வாரக்கணக்கில் நிற்கும். நல்லதா கெட்டதா என்று ஆராயாமல் வெட்டி எறிந்துவிட்டு, எக்ஸ்2 என்று குறியிட்ட புதியதைப் போடுங்கள். பிளக்கில் யாராவது 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருப்பார்கள். இந்தச் சின்ன மோட்டாருக்கு 3 போதும்.

சுழலும் ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் கட்டையாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், இன்னும் கிடைக்கிறது. அந்த பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்ய எமரி பேப்பர் தொடவே கூடாது. அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் ஷார்ட் ஆகும். மெல்லிய கண்ணாடித் தாள்தான் சரி. பிறகு இடுக்கில் உள்ள கரியை மரக்குச்சியால் எடுத்துவிட வேண்டும். புது பிரஷ் போட்டதும் கொஞ்சம் நீலப் பொறி வரும், ஓட ஓட அடங்கும். பொறி வட்டம் முழுக்க நெருப்பு வளையமாகச் சுற்றினால் நிறுத்திவிடுங்கள், கோளாறு ஆர்மேச்சரில்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், அடியில் இருக்கும் உருளைக்காக. அதுதான் இந்த மெஷினே. உருளையில் இரண்டு வகைப் பட்டைகள்: ஒன்று கார்பெட்டைத் தட்டும் உலோகப் பட்டை, இன்னொன்று பெருக்கும் பிரஷ். ஹூவர் இந்தத் தட்டும் உருளையைக் கொண்டுவந்தது 1926-ல். காற்று கார்பெட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், பட்டை அதைத் தட்டும், அடியாழத்தில் இறங்கிய மணல் எகிறி மேலே வரும், பிரஷ் வாரிவிடும். ஐரோப்பிய யூனியன் 2014-ல் வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் உச்சவரம்பு வைத்தது, 2017-ல் அதை 900 ஆகக் குறைத்தது. இனிமேல் வீடு சுத்தமாகவே இருக்காது என்று இங்கே பத்திரிகைகள் ஒரே ஒப்பாரி. ஜூனியரின் மோட்டார் 500 வாட்கூட இல்லை. புது மெஷினால் நன்றாக இழுத்து முடித்த கார்பெட்டில் ஜூனியரை ஓட்டி, பையைச் செய்தித்தாளில் கொட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நைசான மணல் ஒரு குவியல் கிடக்கும். என் மனைவி அதைப் பார்த்த பிறகுதான் கராஜில் எனக்கு இன்னொரு அலமாரி கிடைத்தது.

உருளையின் எதிரி தலைமுடி. நம் வீடுகளில் சொல்லவே வேண்டாம். இரண்டு முனையிலும் முடி போய்ச் சுற்றிக்கொண்டு, பேரிங்கை இறுக்கி, பெல்ட்டை எரித்துவிடும். வாங்கின ஜூனியரில் உருளை சுற்றவில்லை என்றால் பத்தில் எட்டுக்கு இதுதான் காரணம். முனை மூடியைக் கழற்றி, பழைய கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் போதும். பெல்ட் மாட்டும்போது ஒரு முறுக்கு கொடுத்து மாட்ட வேண்டும். திசை தப்பினால் உருளை பின்னோக்கிச் சுற்றும், மெஷின் உங்களோடு மல்லுக்கட்டும். மூடியில் அம்புக்குறி இருக்கிறது, பாருங்கள்.

துணிப்பையை வாஷிங் மெஷினில் போட வேண்டாம். உட்புறத்து நெசவு கெட்டுப்போனால் தூசி நிற்காது, வெளியே அச்சடித்த ஹூவர் பெயரும் அழிந்துவிடும். வேறொரு கிளீனரால் இருபுறமும் இழுத்துவிட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் தொங்கவிடுங்கள். அலுமினியப் பாகத்தை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம். சிலர் கண்ணாடி போல மின்ன வைக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வந்தபோதே அப்படி இருந்ததில்லை. நாற்காலிக் காலில் இடித்து வாங்கிய தழும்புகளை நான் தொடுவதில்லை.

இனி குறைகள். சத்தம் அதிகம். இந்த மெஷினில் தூசி முதலில் ஃபேனுக்குள் போய், அப்புறம்தான் பைக்குப் போகிறது. அதனால் உள்ளே போவது ஒவ்வொன்றும் காதில் விழும். சமையலறை வாசலில் சிந்திய கடுகு உள்ளே போகும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டீர்கள். ஹேர்பின்னும் நாணயமும் போனால் ஃபேன் இறக்கை உடையும், எனவே தரையைப் பார்த்து ஓட்டுங்கள். காலை எட்டு மணிக்கு எடுத்தால், “ஏனுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தட்டப் போறாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வரும். படிக்கட்டுக்கும் சோபாவுக்கும் தனி ட்யூப் மாட்ட வேண்டும்; அந்த வேலையை இது வேண்டாவெறுப்பாகத்தான் செய்கிறது.

பெரிய குறை துணிப்பை. நைசான தூசி அதன் வழியாகக் கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். இந்த வகை மெஷினை முதலில் செய்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர், ஒஹாயோவின் கான்டன் நகரில் ஒரு கடையைப் பெருக்கும் வேலை பார்த்தவர். பெருக்கும்போது கிளம்பும் தூசியால் ஆஸ்துமா தாங்காமல், ஃபேன் மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்து ஒன்றைக் கட்டினார். 1908-ல் காப்புரிமை, அதே ஆண்டு அது ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போனது. தலையணை உறையிலிருந்து ஜூனியரின் பை ரொம்பத் தூரம் போய்விடவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஊரிலிருந்து சிலர் கேட்கிறார்கள், ஒன்று அனுப்ப முடியுமா என்று. வோல்டேஜ் ஒத்துப்போகும், பிரச்சினை தரை. மொசைக்கில் ஓட்டினால் உருளை தூசியை அள்ளுவதற்கு முன்பு நாலாபக்கமும் விசிறியடித்துவிடும். ரெட் ஆக்சைடு தரையும் விளக்குமாறும் இருக்கிற வீட்டுக்கு இது எதற்கு?

எனக்கு ஆன செலவு: மெஷின் பதினைந்து பவுண்ட், வயர், கெப்பாசிட்டர், பிரஷ், பெல்ட் எல்லாம் சேர்த்து அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன், ஒன்றைக் குறைப்பது பைக்காக. பெல்ட் வாங்கும்போது இரண்டாக வாங்கிவிடுங்கள். ரப்பர் தளர்ந்தால் சத்தம் அப்படியே இருக்கும், உருளை மட்டும் மெதுவாகிவிடும். மெஷின் ஓடுகிறதே என்று நீங்கள் மாதக்கணக்கில் கவனிக்க மாட்டீர்கள்.