கொறங்காட்டு வேலிக்கு 24 மி.மீ. லென்ஸா, 135 மி.மீ. லென்ஸா?

காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர் வட்டாரங்களில் மேய்ச்சலுக்கென்றே வேலியடைத்துக் காக்கப்படும் கொறங்காடுகளைப் படமெடுக்கப் புறப்படுகிறவர்களுக்கு, எந்த லென்ஸை எடுத்துப் போவது என்பதே முதல் கேள்வியாக இருக்கும். முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ., 135 மி.மீ. ஆகிய இரண்டையும் இந்த வேலிகளின் முன் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்திருக்கிறேன். வேலியை 135 மி.மீ. லென்ஸில் தள்ளி நின்றும், படலை, அதாவது வேலியின் வழியை அடைக்கும் கதவை, 24 மி.மீ. லென்ஸில் நெருங்கி நின்றும் எடுப்பதே சரி என்பது என் முடிவு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முள்கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைத்துண்டுகளை) நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலியை முதலில் எடுத்துக்கொள்வோம். 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகைக் கோணத்தைப் பிடிப்பதால், காலடியில் இருக்கும் செடி பெரிதாகத் தெரிந்தாலும் பத்தடி தள்ளியிருப்பது சட்டென்று சிறுத்துவிடுகிறது. எஞ்சிய இடத்தை வெற்று வானம் எடுத்துக்கொள்கிறது. 135 மி.மீ. லென்ஸின் கோணமோ 18 பாகைதான். இரண்டு வேலிகளுக்கு நடுவே வளைந்து செல்லும் இட்டேரியின் முனையில் நின்று அதன் வழியே பார்த்தால், இருபுறத்து வேலிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்து நிற்கும். கோடையில் கிளுவை இலையுதிர்த்து நிற்கும்போது, முள்முனைக் கிளைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பின்னலும், அதன் பின்னால் நிற்கும் வெள்வேல மரத்தின் நிழலும் இந்த லென்ஸில்தான் முழுமையாகப் புலப்படும்.

ஆனால் இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. ஐந்து மீட்டர் தொலைவில் குவியம் (ஃபோகஸ்) வைத்து, லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி எடுத்தாலும், 135 மி.மீ. லென்ஸில் தெளிவாக விழுவது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே. அதே துளையில் 24 மி.மீ. லென்ஸை இரண்டரை மீட்டரில் நிறுத்தினால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். அத்துடன், ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் கிளைகள் ஓயாமல் ஆடுவதால், நீண்ட லென்ஸுக்கு 1/500 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகத்தை வைப்பது நல்லது.

கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்த வேலிகளில் போட்டியே இல்லை. அகலக் கோணத்தில் கம்பி நூலாக மெலிந்து வானத்தில் கரைந்துவிடுகிறது. நீண்ட லென்ஸிலோ, மாடு உரசிப் போன இடத்தில் கம்பிமுள்ளில் சிக்கிய மயிர்க்கற்றை காலை எதிர்வெயிலில் ஒளிர்வதைக்கூட எடுக்க முடியும். தானியங்கிக் குவியம் கம்பியை விட்டுவிட்டு அதற்கப்பால் நிற்கும் மாட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கையால் குவியம் வைப்பதே பாதுகாப்பு.

படலுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. சாலையில் நின்றபடி 135 மி.மீ. லென்ஸில் எடுத்த படல், பின்னாலிருக்கும் புல்வெளியோடு ஒட்டித் தட்டையாகிவிடுகிறது; அது திறந்து மூடும் வழி என்பதே படத்தில் தெரிவதில்லை. 24 மி.மீ. லென்ஸோடு இரண்டு முழத் தொலைவுக்குப் போய் முழங்கால் உயரத்தில் அமர்ந்தால், கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பான குறுக்குக்கட்டை, அதை இழுத்துக் கட்டிய கயிற்றின் முடிச்சு, இழுத்துத் திறந்ததால் மண்ணில் விழுந்த வளைகோடு, குளம்படித் தடம், உள்ளே விரியும் கொழுக்கட்டைப்புல் எல்லாம் ஒரே சட்டகத்தில் அடங்கும். கைப்பேசியின் முதன்மைக் கேமராவும் பெரும்பாலும் இதற்கு நெருங்கிய கோணத்தையே தருவதால், படலுக்கு அதுவே போதும். ஆனால் இவ்வளவு நெருங்குவதென்றால் காட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். படலைத் திறந்தால் இருந்தபடியே கட்டிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் மாடுகள் பக்கத்து வெள்ளாமையில் இறங்கிவிடும்.

ஒன்றை மட்டுமே எடுத்துப் போக முடியுமென்றால், நான் பருவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கிளுவை தழைத்து வேலியே பச்சைச் சுவராகிப் பின்னல் மறைந்துவிடும். அந்தச் சுவரில் தனித்துத் தெரிவது படல் என்பதால், அப்போது 24 மி.மீ. லென்ஸ். மாசி தொடங்கி இலை உதிர்ந்து கிடக்கும் மாதங்களில் 135 மி.மீ. லென்ஸ்.