வள்ளியா, வள்ளியம்மையா? கூப்பிடும் பெயரையே பதிவுப் பெயராக்குவது பற்றி

மகளுக்கு என் அப்பத்தாவின் பெயரை வைப்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை. பிறப்புச் சான்றிதழில் 'வள்ளியம்மை' என்று முழுதாகப் பதிவதா, எல்லோரும் கூப்பிடப்போகும் 'வள்ளி' என்றே பதிவதா என்பதில்தான் வாதம். அப்பா முழுப் பெயரின் பக்கம் நின்றார். நானும் மனைவியும் வள்ளி என்றோம். கடைசியில் வள்ளி என்றே பதிந்தோம்; இன்றும் எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

அப்பாவின் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. முழுப் பெயரில் ஒரு கம்பீரம் உண்டு. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறே வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் அது. "என் ஆத்தா பேரைப் பாதியாக நறுக்குகிறீர்களே" என்று அப்பா சொன்னபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் வள்ளி பாதிப் பெயர் அல்ல. முருகன் கோயிலுக்குப் போகிற யாருக்கும் அது முழுப் பெயர்தான்.

சுருக்கப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். உமா, மீனா, தனம், செல்வி ஆகியவை தனித்து நிற்கும். லச்சு, காமு, விஜி போன்றவை வீட்டு வாசலுக்குள் இனிக்கும். சான்றிதழில் பார்த்தால் மீதி எங்கே என்று தேடத் தோன்றும். அம்மு, பாப்பா, குட்டி என்பவை இன்னொரு வகை. இவை வளர்ந்த பெண்ணுக்குப் பொருந்தாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். தனலட்சுமியாகப் பிறந்த பாப்பா உமாநாத் தொழிற்சங்கத்திலும் சட்டமன்றத்திலும் அந்தப் பெயரோடுதான் நின்றார். பெயர் அவர்களைச் சிறுபிள்ளையாக்கிவிடவில்லை. ஆனாலும் நான் அவற்றைப் பதிவுக்குத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஒரு விசேஷ வீட்டில் "பாப்பா" என்று குரல் கொடுத்தால் எத்தனை பிள்ளைகள் திரும்பும்? எல்லாப் பெண் குழந்தைக்கும் பொதுவான விளியை ஒருத்திக்கு மட்டும் உரிய பெயராக்குவது கடினம்.

அழகு, உச்சரிப்பு எல்லாம் அவரவர் விருப்பம். என்னைத் தீர்மானிக்க வைத்தவை அப்பத்தாவின் காகிதங்கள். நிலப் பட்டாவில் அவர் 'வள்ளி'. குடும்ப அட்டையில் 'வள்ளியம்மாள்'. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் 'வள்ளியம்மை'. அவர் காலமான பிறகு நிலத்தை அப்பாவின் பெயருக்கு மாற்றப் போனபோது, இம்மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், கிராமத்தில் விசாரணை, சாட்சிக் கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் பத்திரத்தில் அவர் 'வள்ளி (எ) வள்ளியம்மை (எ) வள்ளியம்மாள்' ஆனார். வயல் வேலையும் வீட்டு வேலையுமாக வாழ்ந்து முடித்த ஒரு பெண், தான் ஒருத்திதான் என்பதை இறந்த பிறகும் நிரூபிக்க வேண்டியிருந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இங்கே சிக்கலுக்குக் காரணம் பெயரின் நீளம் மட்டும் அல்ல. அழைக்கும் பெயரும் எழுதும் பெயரும் வேறாக இருந்ததுதான். எழுதுகிறவர் ஒருவர் கேட்டதை எழுதினார், இன்னொருவர் தனக்குத் தெரிந்ததை எழுதினார். இதில் ஆங்கில எழுத்துகளும் சேர்ந்துகொள்கின்றன. வள்ளியம்மையை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஒய்' போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. கடைசியில் 'ஏ ஐ' என்று முடிப்பவரும் உண்டு, வெறும் 'ஐ' என்று முடிப்பவரும் உண்டு. வள்ளியில் தடுமாற இடம் குறைவு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டும். முதல் காகிதத்தில் எழுதுவது அவ்வளவு தூரம் கூட வருகிறது.

வள்ளியிலும் குறை இருக்கிறது. தடுப்பூசி போடப் போன இடத்தில் செவிலியர், "கூப்பிடுற பேரு சரி, முழுப் பேரு சொல்லுங்க" என்றார். அதுதான் முழுப் பெயர் என்றதும், அட்டையில் இருந்த 'பேபி ஆஃப்' என்பதை அடித்துவிட்டு, 'வள்ளிய' வரை எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். இது போகுமிடமெல்லாம் நடக்கும். எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். மகள் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. வளர்ந்த பிறகு, கொள்ளுப்பாட்டியின் முழுப் பெயரே தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டால் அப்போது பார்க்கலாம். அதற்கும் இப்போதே என்னிடம் பதில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டுப் பயணத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசா தருவதில்லை. வள்ளியானாலும் வள்ளியம்மையானாலும், இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரையும் அதற்குரிய கட்டத்தில் நிரப்ப வேண்டியதுதான்.

இன்னும் முடிவுக்கு வராதவர்கள் அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரை மட்டும் காலியாக விட்டு, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குள் வீட்டில் எந்தப் பெயர் நிலைக்கிறது என்று பாருங்கள். பிள்ளை எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறதோ அதையே எழுதுங்கள், ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து.